இரண்டாவது ஹெலி

செத்துப்போன ஆளைத் தேடுவது சுலபம். எங்கேயாவது கிடப்பார். உயிரோடு ஒளிந்திருக்கிற ஆளைத் தேடுவதும் பெரிய வேலையில்லை, பசித்தால் வெளியே வருவார். செத்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத ஆளைத் தேடச் சொன்னால்தான் எனக்குப் பிடிக்காது. மாக்கிறட் மிஸ்ஸுக்கோ அப்படிப்பட்ட கேஸ்தான் வெரளிக்காய். அந்தப் புளிப்புக் காயைப்போல உப்பும் மிளகாயும் போட்டு, கொட்டை தெரியும்வரை சப்பாமல் விடமாட்டார்.

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் மிஸ்ஸின் கந்தோர். முன்பு கொழும்பில் கப்பலிலும் விமானத்திலும் போகிற சரக்குக் காணாமல் போனால் விசாரிக்கிற உத்தியோகம் பார்த்தவர். சமாதானம் என்று சொல்லி ரோட்டைத் திறந்துவிட்ட பிறகு ஊருக்குத் திரும்பி, சரக்குக்குப் பதிலாக மனிதர்களைத் தேடத் தொடங்கினார். நான் றஊப். அவருடைய உதவியாளர், ஓட்டோச் சாரதி, பேச்சுத்துணை. மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே திட்டுத்தான் வாங்குகிறேன்.

பெற்றிசியா என்ற பெண் ஒரு வியாழக்கிழமை கந்தோருக்கு வந்து அழாமல் கதை சொன்னாள். சொந்த ஊர் தலைமன்னார். கலியாணம் பேசி முடிந்தது. ஆனால் தாய் நாள் குறிக்க விடவில்லை. "அப்பா வந்துதான் கலியாணம் எண்டு அம்மா ஒரே பிடியா நிக்கிறா மிஸ். மாப்பிள்ளை வீட்டார் இந்த மாதத்துக்குள்ள நாள் சொல்லாட்டி வேற இடம் பார்ப்பம் எண்டிட்டினம்." அப்பா அமிர்தநாயகம் எண்பத்தெட்டாம் ஆண்டில் காணாமல் போனவர். அப்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது இரண்டாயிரத்து மூன்று.

"ஆரோடயும் கோபமோ, கடனோ?" என்று மிஸ் கேட்டார்.

"இல்லை மிஸ். ஹெலி கொண்டுபோனது."

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆ முடித்து வந்ததும் தலைமன்னாருக்குப் புறப்பட்டோம். பெற்றிசியாவின் வீடு கடற்கரைப் பக்கம், பழைய கப்பல்துறைக்கு அருகே இருந்தது. கதவு அரைவாசி திறந்தபடி கிடந்தது. நான் நாகரிகமாக மூன்று தட்டுத் தட்டினேன்.

உள்ளே இருந்து இரண்டு தட்டுக் கேட்டது.

சுவரில் யாரோ விரல் முட்டியால் தட்டிய சத்தம். அடுத்த கணம் ஒரு பெண் தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்தார். என் முகத்தைக் கண்டதும் அந்த ஓட்டம் அப்படியே நின்றது. ஒரு மனிதரை இத்தனை ஏமாற்றத்தோடு யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில்கூட எனக்கு இப்படி நடந்ததில்லை.

"குறை நினையாதேங்கோ தம்பி," என்றார் அவர். அவர்தான் பிரான்சிஸ்கா, பெற்றிசியாவின் தாய். "என்ர மனிசன் மூண்டு தரம் தட்டுவார். நான் ரெண்டு தரம் தட்டினால்தான் உள்ள வருவார். துறையில வேலை செய்து பழகின பழக்கம்."

மிஸ் கதிரையில் உட்கார்ந்து கைப்பையில் இருந்து ஒரு வெரளிக்காயை எடுத்தார். "துறையில ஏன் தட்டவேணும்?"

"கப்பலில ஏத்திற பெரிய சாமான் பெட்டியுக்க ஒராள் நிண்டு கயிறு கட்டுவார் மிஸ். மற்றவர் வெளியில. உள்ள கட்டி முடிஞ்சால் மூண்டு தட்டு. வெளியில நிக்கிறவர் ரெண்டு தட்டுத் தட்டினால், கேட்டுட்டன், வா எண்டு அர்த்தம். ஆள் வெளியில வந்த பிறகுதான் கதவைப் பூட்டுறது. என்ர மனிசன் எப்பவும் உள்ள. அவற்ர கூட்டாளி எமிலியானுஸ் அண்ணை எப்பவும் வெளியில."

இராமேஸ்வரம் போகிற கப்பல் நின்ற பிறகு இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போனது. எண்பத்தெட்டில், சமாதானப் படை என்று கடல் தாண்டி வந்திருந்த ஆமி இந்தத் துறைமுனையில் முகாம் போட்டிருந்தது. சிலாவத்துறை முகாமுக்கு ஒரு பெரிய ஜெனரேற்றர் போகவேண்டும். ரோட்டில் கண்ணிவெடிப் பயம். இரும்புப் பெட்டிக்குள் ஜெனரேற்றரை வைத்து, அந்தப் பெட்டியை ஹெலிகொப்டரின் கீழே சங்கிலியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தார்கள். சங்கிலியும் கொளுக்கியும் தெரிந்த ஆட்கள் என்று ஊரில் இந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

"நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?" என்று மிஸ் கேட்டார்.

"கண்ணைத் திறந்தால்தானே காண? அது சின்ன ஹெலி இல்லை மிஸ். வந்து மேல நிண்ட உடனை மணல் எல்லாம் எழும்பினது. எங்கட வேலிக் கிடுகு முழுக்கப் பறந்தது. இவளை மடியுக்க அமத்திக்கொண்டு குப்புறக் கிடந்தனான். மணல் அடங்கின பிறகு பார்த்தால் பெட்டியும் இல்லை, மனிசனும் இல்லை. முகாமில போய்க் கேட்டன். எங்களிட்டை இல்லை எண்டினம். பொய். கொண்டுபோன ஆக்கள்தானே திருப்பித் தரவேணும்?"

"எத்தினை ஹெலி வந்தது?"

"ரெண்டு. ஒண்டு பெட்டியைக் கொண்டுபோனது. கொஞ்ச நேரத்தால மற்றது கடல் பக்கத்தால வந்தது. அதின்ர கீழ ஒண்டும் தொங்கேல்லை."

"ஒண்டு போக ஒண்டு வாறதுக்கு அது என்ன, மன்னார் பஸ்ஸோ?" என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் என் மீசை கருகியிருக்கவேண்டும். ஆனால் அவர் வாயில் வெரளிக்காய் அசையாமல் நின்றுவிட்டது. அது நின்றால் மூளை ஓடுகிறது என்று அர்த்தம்.

"இப்பவும் அது வருது," என்று பிரான்சிஸ்கா மெல்லச் சொன்னார். "வெள்ளிக்கிழமைகளில, காத்து இல்லாட்டி, பொழுதுபடுற நேரம். கடலுக்க சத்தம் கேக்கும். ஹெலியைக் காணேலாது. அவரைக் கொண்டுபோனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான்."

சுவரில் அமிர்தநாயகத்தின் படம் இருந்தது. மாலை போடவில்லை. படத்துக்குக் கீழே ஒரு சாரமும் சேட்டும் மடித்து வைத்திருந்தது. தோய்த்து, மடித்து, திரும்பவும் தோய்த்துத் துணியின் நிறமே போயிருந்தது. வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டுமே!

வாசலில் வைத்துப் பெற்றிசியா எங்களிடம் தனியாகப் பேசினாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. எமிலியானுஸ் மட்டும்தான் போவார். அவர் அவளுக்கு ஞானத்தகப்பன். கலியாணம் முடிக்காத மனிதர். இத்தனை வருடமும் இந்த வீட்டுக்கு மீனும் அரிசியும் கொண்டுவந்து போட்டவர்.

"அப்பா இல்லாட்டி நீங்கள்தான் என்ர கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிப்போகவேணும் எண்டு அவரிட்டைக் கேட்டனான் மிஸ். மாட்டன் எண்டிட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர். ஏன் எண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போயிட்டார்."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

துறையின் பழைய மரத்தூண்கள் கடலுக்குள் வரிசையாக நின்றன. பலகைகள் பாதி இல்லை. மிஸ் குடையை ஊன்றிக்கொண்டு நுனிவரை நடந்தார். எனக்கு நீச்சல் தெரியும், ஆனாலும் மிஸ் விழுந்தால் தூக்குகிற பலம் எனக்கு இல்லை. அதனால் பின்னாலேயே போனேன்.

"ஹெலி எண்டால் எல்லாம் ஒண்டில்லை றஊப்," என்றார். "ரஷ்யாவில ரோட்டே இல்லாத பனிக்காடு இருக்கு. அதுக்குள்ள பெரிய பெரிய இயந்திரங்களைக் கொண்டுபோகவேணும். முதல்ல ரெண்டு பக்கமும் ரெண்டு விசிறி வைச்சு ஒரு பூதம் செய்தாங்கள். அது பறந்தது, நாப்பது தொன்னும் தூக்கினது. ஆனால் ஒருத்தரும் வேலைக்கு எடுக்கேல்லை."

"எங்கட மாமா மாதிரி."

"பிறகு அதே ஆக்கள் யோசிச்சு ஒரே விசிறியில எட்டு இறக்கை வைச்சாங்கள். இருபது தொன் தூக்கும். வயித்துக்குள்ள லொறியையே ஓட்டி ஏத்தலாம். அது நிக்கிற இடத்தில கீழ அடிக்கிற காத்துக்கு வேலி என்ன, ஆளே நிக்கேலாது. பிரான்சிஸ்கா கண்டது அதைத்தான்."

"அப்பிடி வயிறு இருந்தால் பெட்டியை உள்ளயே வைச்சிருக்கலாமே?"

"உள்ள வைச்சால் இறங்கவேணும். சிலாவத்துறையில அந்தப் பூதம் இறங்கிறதுக்கு எங்கை இடம்? தொங்கவிட்டால் மேல நிண்டே வைச்சிட்டுப் போகலாம். சரி, இப்ப நீர் சொல்லும். அப்பிடி ஒரு இயந்திரம் அந்த நாளில ஒரு படையிட்டை எத்தினை இருக்கும்? கைவிரலில எண்ணலாம். ஒரு பெட்டிக்கு ரெண்டை அனுப்புவாங்களோ?"

"அனுப்பமாட்டாங்கள்."

"அப்ப வந்தது ஒண்டுதான். ரெண்டாவது ஹெலி எண்டு அவ கண்டது, போனதே திரும்பி வந்ததை."

"சரி, சிலாவத்துறையில பெட்டியை இறக்கிப்போட்டுத் திரும்பியிருக்கும்."

"கொஞ்ச நேரத்துக்குள்ளயோ? பெட்டி தொங்கவிட்ட ஹெலி மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரித்தான் போகும். வேகமாப் போனால் பெட்டி காத்தில சுத்தும், ஆடும். ஆட்டம் கூடினால் ஹெலியையே இழுத்து விழுத்திப்போடும். அதுக்குத்தான் பைலட்டிட்டை ஒரு பொத்தான் இருக்கு. அமத்தினால் கொளுக்கி திறக்கும், பெட்டி போகும், ஹெலி தப்பும். பைலட்டைப் பிழை சொல்லேலாது, அதுதான் முறை. இப்பிடி விழுந்த பெட்டிகளை நான் விசாரிச்சிருக்கிறன்."

மிஸ் குடையைத் தெற்குப் பக்கம் நீட்டினார். கடல் வெயிலில் தகரம் மாதிரிக் கிடந்தது. வரும் வழியில் கிழிந்த வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு இடத்தில் வலை போட்டால் கிழியும், பேய் இழுக்கிறது என்று. மிஸ் அவருக்கு நன்றி சொன்ன விதத்தைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்கவேண்டும்.

"அப்ப அமிர்தநாயகம் சங்கிலியில தொங்கிக்கொண்டு போய்..."

"கொளுக்கியில தொங்கினால் ஊரே கண்டிருக்கும். பெட்டிக்கு மேல நிண்டிருந்தால் ஹெலியில இருந்து கீழ பார்த்துக்கொண்டு வாற ஆள் கண்டிருப்பான்." அவர் வெரளிக்கொட்டையைக் கைலேஞ்சியில் துப்பினார். "சாமான் பெட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் றஊப்?"

"வெளியில," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கால்களுக்குக் கீழே பலகை இடுக்குகளில் தண்ணீர் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எமிலியானுஸ்!" என்றேன். "கலியாணம் கட்டாத மனிசன். கூட்டாளியின்ர பெண்சாதியில கண். கதவைப் பூட்டினார், பிறகு நல்லவர் மாதிரி மீன் கொண்டுவந்தார். மிஸ், கேஸ் முடிஞ்சுது. பொலிஸுக்குப் போவம்."

"அப்பிடிப் பூட்டினவன் ஒண்டில் அவவைக் கலியாணத்துக்குக் கேட்டிருப்பான், இல்லாட்டி ஊரை விட்டுப் போயிருப்பான். இந்த மனிசன் ரெண்டும் செய்யேல்லை. நீர் கொஞ்ச நேரம் வாயை மூடும். பொழுதுபடுது, சத்தத்தைக் கேப்பம்."

சூரியன் கடலைத் தொட்டபோது ஊர் அடங்கிய விதம் எனக்குப் புதிது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாட்டை விட்டுப் போனார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வீடுகளுக்குள் செபமாலை தொடங்கியது. துறையில் இருந்து இறங்கி வந்து நின்ற நாங்கள் இருவரும், கழுதை ஒன்றும்தான் கரையில் மிச்சம். கழுதைக்குப் பேயில் நம்பிக்கை இல்லை போலிருந்தது.

பிறகு அது வந்தது.

டப்-டப். தெற்குக் கடலில் இருந்து, தண்ணீரில் தவழ்ந்து வந்த சத்தம். மரம்போல இல்லை, இரும்புபோல இல்லை, உள்ளே வெறுமையான ஏதோ ஒன்று அதிர்கிற சத்தம். பின்னால் இருந்த வீட்டில் செபம் உரத்தது. ஒரு குழந்தை அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். ஒரு நிமிடம் நானும் நம்பினேன், அமிர்தநாயகத்தைத் தூக்கிக்கொண்டு அந்த எட்டு இறக்கைப் பூதம் இன்னும் இறங்க இடம் தேடிச் சுற்றுகிறது என்று.

ஆனால் நான் ஓடவில்லை. வீரத்தால் அல்ல. இந்த ஊர்ப் பிள்ளைகள் சத்தம் கேட்ட உடனே ஓடிப் பதுங்கப் பழகியவர்கள். அப்படிப் பழகவேண்டிய வயதில் எருக்கலம்பிட்டியில் இருந்த முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டே ஓட்டிவிட்டார்கள். நான் புத்தளம் கடலேரிக் கரையில் வளர்ந்தவன். முதல் சத்தத்தோடு ஓடாமல் நின்றதால் எனக்கு இரண்டாவது சத்தமும் கேட்டது, அதற்குப் பிறகு இருந்த அமைதியும் கேட்டது.

டப்-டப். அமைதி. டப்-டப். நீண்ட அமைதி.

"மிஸ்," என்றேன், "ஹெலி மூச்சு வாங்குமோ?"

மிஸ் என் கையைப் பிடித்தார். "என்ன சொன்னனீர்?"

"இது ரெண்டு தரம் அடிக்குது, நிக்குது. ஹெலி நிண்டால் விழுந்துபோகுமே. மிஸ், எங்கட புத்தளத்தில வலையைச் சுத்திப் போட்டு, போட்டின்ர பக்கத்தில தடியால அடிப்பம். மீன் பயந்து வலைக்க ஓடும். இது ஃபைபர் போட்டில தடியால அடிக்கிற சத்தம்." எனக்குள் எல்லாம் ஒன்றாகக் கூடிவந்தது. "பெட்டி கடலுக்க கிடக்குது. இரும்புக்குள்ள மீன் அடையும். எமிலியானுஸ் பேய்க்கதையைச் சொல்லி ஊரை வீட்டுக்க பூட்டிப்போட்டு, தனிய நிண்டு அள்ளுறார். என்ன மூளை! அல்லாஹ்வே, செத்துக்கிடக்கிற கூட்டாளியின்ர மய்யத்துக்கு மேல வலை போடுற மனிசன்!"

ஊரே ஹெலி என்று நடுங்கிய சத்தத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். மிஸ் பாராட்டுவார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"கெட்டித்தனம்," என்றார் மிஸ். "பாதி சரி." குடை நுனியால் பின்னால் காட்டினார். எமிலியானுஸின் மீன்வாடிக் குடிசையில் கம்புகளில் வலைகள் தொங்கின. தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன. மிதவைகூட ஒன்றும் குறையவில்லை. "வலை கரையில காயுது. ஆள் கடலில. என்னத்தால அள்ளுறார், தொப்பியாலயோ?"

நெஞ்சு தானாகவே உள்ளே போய்விட்டது.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே அவருடைய படகு கரைக்கு வந்தது. எமிலியானுஸ் மெலிந்த, உயரமான மனிதர். படகுக்குள் ஒரு தடி மட்டும் கிடந்தது. மீன் இல்லை, வலை இல்லை, நண்டுக் கூடுகூட இல்லை. எங்களைக் கண்டதும், "ஆர்?" என்று கேட்டார். மிஸ், அவர் குனிந்து படகின் கயிற்றை முளையில் கட்டத் தொடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குடைக் கைபிடியால் படகின் பக்கத்தில் தட்டினார்.

மூன்று தட்டு.

எமிலியானுஸின் கை கயிற்றை விட்டது. அவர் தலை நிமிரவில்லை, யோசிக்கவில்லை, அந்தக் கை தானாகப் போய்ப் படகில் இரண்டு தட்டுத் தட்டியது. அதற்குப் பிறகுதான் தான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்டைக்கு இந்த ரெண்டு தட்டையும் நீங்கள் தட்டேல்லை," என்றார் மிஸ். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஹெலி சொன்ன நேரத்துக்கு முதலே வந்திட்டுது மிஸ்," என்றார் அவர். பல வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்கள் போலத் தடையில்லாமல் வந்தன. "அவன் உள்ள ஜெனரேற்றரைக் கட்டிக்கொண்டு நிண்டவன். கண்ணெல்லாம் மணல். இரைச்சலில ஒண்டும் கேக்கேல்லை. கதவைப் பூட்டு பூட்டு எண்டு ஆமிக்காரன் கத்தினான். என்னைத் தட்டிக்கொண்டு ஒராள் ஓடினது. அமிர்தம் எண்டு நினைச்சன். தாழ்ப்பாளைப் போட்டிட்டு ஓடினன். பெட்டி மேல போன பிறகு மணல் விலகினது. ஓடினது ஒரு ஆமிக்காரன்."

"பெட்டி விழுந்ததைக் கண்டனீங்கள்."

"நான் மட்டும்தான் கடைசி வரைக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். சுத்திச் சுத்திப் போனது. பிறகு விழுந்தது. பனையையும் கோயில் கோபுரத்தையும் நேராப் பிடிச்சு இடத்தை மனதில வைச்சன். உடனை சுழியோடிப் பார்த்திருக்கலாம். ஆமி கடலுக்குப் போக விடேல்லை. விட்ட நேரம்..." அவர் நிறுத்தினார். "ஒரு நாள் போய் பெட்டிக்கு நேர மேல போட்டில நிண்டு தட்டினன். பிறகு தட்டாமல் இருக்க ஏலாமல் போச்சு. ஊரில ஹெலி எண்டு கதைச்சினம். நானும் விட்டிட்டன்."

"ஏன் சொல்லேல்லை?" நான்தான் கேட்டேன். பேசியிருக்கக் கூடாது, ஆனால் அந்த வீட்டில் மடித்து வைத்திருந்த சாரம் கண்ணுக்குள் நின்றது. "அவ உடுப்புத் தோய்ச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறாவே!"

"முதல்ல ஆமிக்குப் பயம் தம்பி. பிறகு அவவுக்குப் பயம். அவன் வருவான் எண்ட நினைப்பிலதான் அவ சோறு தின்னுறா எண்டு நினைச்சன்."

மிஸ் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். "நான் போய்ச் சொல்லமாட்டன். அது உங்கட வேலை. விடியக் காலமை வெளிச்சத்தில சொல்லுங்கோ. நாங்கள் பக்கத்தில நிக்கிறம்."

எமிலியானுஸ் அந்த வீட்டுக்கு மறுநாள் காலையில் போனார். வாசலில் நின்றார், தட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார். பத்து வசனம்கூட அவர் சொல்லியிருக்கமாட்டார். பெற்றிசியா நிலைக்கதவைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். பிரான்சிஸ்கா அழவில்லை, அடிக்கவும் இல்லை. முடியை முடிந்துகொண்டு, "என்னை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார்.

ஐந்து பேரும் படகில் போனோம். ஒருவரும் பேசவில்லை. நானும்தான், இதை மிஸ் பிறகு பலரிடம் சொல்லிக் காட்டினார். எமிலியானுஸ் பனையையும் கோபுரத்தையும் பார்த்துப் பார்த்துப் படகைக் கொண்டுபோய் ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். கடல் தெளிவாக இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். கீழே சதுரமாக ஒரு கறுப்பு. அதைச் சுற்றி மீன்கள் கூட்டம் கூட்டமாக நின்றன.

பிரான்சிஸ்கா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை தரம் தட்டினவர்?" என்று கேட்டார்.

"கேக்கேல்லை தங்கச்சி," என்றார் எமிலியானுஸ். "அந்த இரைச்சலில ஒண்டும் கேக்கேல்லை."

"கேக்கேல்லை எண்டால், இவ்வளவு காலமும் எதுக்குப் பதில் சொன்னனீங்கள்?"

எமிலியானுஸின் கை பக்கத்தில் கிடந்த தடியைத் தேடியது. தூக்கினார். படகின் பக்கத்தில் அடிக்க ஓங்கிய கையைப் பிரான்சிஸ்கா எட்டிப் பிடித்தார். பிடுங்கி அவரையே அடிக்கப்போகிறார் என்று நான் எழுந்துவிட்டேன். மிஸ் என்னை இழுத்து இருத்தினார்.

"காணும் அண்ணை, போதும்," என்றார் பிரான்சிஸ்கா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, பிடித்த கையை விடாமல் சொன்னார். "நான் அங்க வீட்டில இருந்து வா வா எண்டு தட்டினன். நீங்கள் இங்க இருந்து வா வா எண்டு தட்டினனீங்கள். அந்த மனிசன் எந்தப் பக்கத்துக்கு எண்டு வாறது? பாவம், அலைஞ்சு களைச்சுப்போயிருப்பார்."

தடி எமிலியானுஸின் கையில் இருந்து நழுவிப் படகுக்குள் விழுந்தது. பெற்றிசியா தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிரான்சிஸ்கா கடலில் கையை நனைத்து, நெற்றியில் சிலுவை போட்டு, மகளின் நெற்றியிலும் போட்டார். பிறகு எமிலியானுஸைப் பார்த்தார்.

"முதல்ல அவருக்குப் பூசை. பிறகு பிள்ளைக்கு நாள் கேப்பம். போட்டைத் திருப்புங்கோ. அவர் இனியாவது நித்திரை கொள்ளட்டும்."